ரொட்டிக்காரனுக்கு ஆகாத ரொட்டி

மதுக்கரையில் பாலக்காட்டுச் சாலையோரமாக நான் பேக்கரி திறந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எங்கள் குடும்பத்தில் கடை என்று ஒன்றை வைத்த முதல் ஆள் நான்தான். தாத்தா பண்ணையத்தில் கூலி. அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றியவர். பள்ளிக்கூடம் முடித்ததும் நான் பாலக்காட்டில் ஒரு பேக்கரியில் சேர்ந்து, அடுப்படியில் பல வருடம் வெந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன்.

கடை நன்றாகவே போயிற்று. சிமெண்டு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள் விடியும் முன்பே வந்து நிற்பார்கள். டீயும் பன்னும் அவர்களுக்கு. ஏழு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேங்காய் பன். சாயங்காலம் முட்டை பப்ஸ். கிறிஸ்மஸ் வந்தால் எங்கள் சபையில் பாதிப் பேர் வீட்டுக்குக் கேக் என் அடுப்பிலிருந்துதான் போகும். ஒவ்வொரு ஈடு எடுத்ததும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்குவேன். அது எனக்குப் பாலக்காட்டு மாஸ்டர் கற்றுக்கொடுத்த பழக்கம்.

கடை நிலைபெற்றதும் கல்யாணம் ஆனது. மனைவிக்கு ஆனைமலைப் பக்கம். அவள் அப்பா தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவர். கல்யாணமான சில மாதங்களில் எனக்குக் கடுமையான ஒரு வயிற்றுக் காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போனது, வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. சாப்பிட்டவுடன் உப்பிக்கொள்ளும். கொல்லைக்கு ஓடுவதே வேலையாகப் போயிற்று. வாயெல்லாம் புண். மாவு மூட்டையைத் தோளில் போட்டு நாலெட்டு வைத்தால் கண் இருட்டியது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் அமீபா என்றார். அடுத்தவர் குடல்புழு என்றார். மூன்றாமவர் காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரைகள் கொடுத்தார். சிவப்பு மாத்திரைகள், மூத்திரமே சிவப்பாகப் போகும். மாதக்கணக்கில் விழுங்கினேன். எடை இறங்கியதுதான் மிச்சம்.

உடம்பு சரியில்லாதவனைப் பார்க்க வருகிறவர்கள் எதைக் கொண்டுவருவார்கள்? ரொட்டியும், பாலில் கலக்கிக் குடிக்கிற மால்ட் பொடி பாட்டிலும். என்னைப் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான். ஆனால் அவர்கள் ரொட்டி வாங்கியது என் கடையிலேயே. முன்பக்கம் என் மனைவியிடம் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு, பின்பக்கத்து வீட்டுக்கு வந்து அதையே என் கையில் கொடுப்பார்கள்.

"ரொட்டிதானுங்க, வயித்துக்கு லேசா இருக்கும். பால்ல தொட்டுச் சாப்புடுங்க. சோறு இப்போதைக்கு வேண்டாமுங்க."

நானும் அப்படியே செய்தேன். சோற்றைக் குறைத்து ரொட்டியைக் கூட்டினேன். காலையில் ரவைக் கஞ்சி, இடையில் மால்ட், ராத்திரிக்குப் பாலில் நனைத்த ரொட்டி. வயிறு கெடக் கெட இன்னும் கவனமாக ரொட்டி தின்றேன்.

இப்போது இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது.

அந்த வருடங்களில் சாலையோரச் சுவர்களில் எல்லாம் எய்ட்ஸ் விளம்பரம். மண்டை ஓட்டுப் படம் போட்டிருப்பார்கள். இளைத்துக்கொண்டே போகிறவனைக் கண்டால், வயிற்றுப்போக்கு நிற்காதவனைக் கண்டால், சனங்களுக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. நானோ லாரிக்காரர்களோடு பழகுகிறவன், பாலக்காட்டில் தனியாக இருந்தவன். வேறென்ன வேண்டும்?

என் முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. ஒரு டிரைவர், தினமும் இரண்டு பன் தின்கிறவர், வந்து நின்று தயங்கினார்.

"டீ வேண்டாமுங்க. பாக்கெட் பிஸ்கட் இருந்தாக் குடுங்க. கம்பெனி பாக்கெட்."

ஒட்டிய பாக்கெட்டில் என் கை படாது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் பன் காய்ந்தது, கம்பெனி பிஸ்கட் மட்டும் விற்றது.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். அந்த நோய் இல்லை என்று வந்தது. இல்லை என்று வந்ததை யாரிடம் போய்ச் சொல்வது? கேட்காதவர்களிடம் எடுத்துச் சொன்னால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசையாகப் போய் முழந்தாளிடுவோம். போதகர் கோதுமை அப்பத் துண்டு ஒன்றைக் கையில் வைப்பார், பிறகு ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் எல்லோருக்கும் திராட்சரசம். அந்த ஞாயிறு நானும் மனைவியும் போய் முழந்தாளிட்டோம். அவளுக்கு அந்தப் பக்கம் யாரும் வந்து முழந்தாளிடவில்லை. எனக்கு இந்தப் பக்கமும் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். கிண்ணம் வந்தபோது உதட்டை மூடித் தலையசைத்தார்கள். எங்கள் கல்யாணத்தில் பாடிய பாடகர் குழு அக்காவும் அப்படித்தான் தலையசைத்தார். போதகர் கிண்ணத்தைத் துணியால் துடைத்துத் துடைத்து நகர்ந்துகொண்டே இருந்தார், ஒருவரும் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் கணவன் கையைப் பிடித்து நடக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. எல்லோரும் பார்க்கட்டும் என்றே பிடித்திருந்தாள்.

பேச்சு ஆனைமலைக்கும் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் மாமனார் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார், கண்ணைத் திருப்பிக்கொண்டார். மகளிடம் சொன்னார்.

"அம்மிணி, துணிமணி எடுத்து வெய்யி. கெளம்பு."

"எங்கீங்கப்பா?"

"நம்மூட்டுக்கு."

"ரெண்டு பேருக்குமா எடுத்து வெக்கட்டுமுங்களா?"

அவர் தோள் துண்டைக் கையில் எடுத்தார். அவளே சொன்னாள். "டெஸ்டுல இல்லைன்னு வந்துருச்சுங்கப்பா. இருக்குதுன்னு வந்திருந்தாலும் நான் இவுங்களை உட்டுப்போட்டு வரமாட்டேனுங்க. ஒத்தை ஆளாக் கூட்டிப் போறதுக்கு வந்தீங்கன்னா, ஒரு வாய் சோறு தின்னுபோட்டுப் போங்க."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. பெற்ற பெண் செத்துப்போய்விடுவாளோ என்று பயந்து வந்தவர். கடைசியில், "ரெண்டு பேருக்கும் எடுத்து வெய்யி. மாப்ளைக்கும் கொஞ்சம் நல்ல காத்துப் படட்டும்" என்றார்.

கடையைப் பூட்டினோம். ஆனைமலையில் வாய்க்கால் ஓரத்துத் தோப்புக்குள் ஓட்டு வீடு. மாமியாருக்குக் கடைச்சரக்கு என்றால் ஆகாது. காலையில் ராகிக் களி, கீரை கடைந்தது. மத்தியானம் சோறும் கொள்ளுப் பருப்பும். ராத்திரிக்கு மிஞ்சிய சோறு, மோர். நடுவில் இளநீர். முதல் வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வயிறு மெல்ல அடங்கியது. வாய்ப்புண் ஆறியது. ஒரு நாள் காலை எழுந்தபோது எனக்குப் பசித்தது. பசி என்பது எப்படியிருக்கும் என்றே மறந்து போயிருந்தேன். அடுப்படிக்குப் போய் இன்னும் கொஞ்சம் களி கேட்டேன். மாமியார் சட்டியைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கம்பக்கத்தார் மாசாணியம்மன் கண் திறந்தாள் என்றார்கள். எங்கள் சபையார் ஜெபத்தின் பலன் என்பார்கள். நான் காற்று என்று நினைத்தேன். மதுக்கரையில் அப்போது மரத்து இலையைத் தொட்டால் விரலில் சாம்பல் நிறத்தில் சிமெண்டு ஆலைத் தூசி ஒட்டும். அந்தத் தூசிதான் என் குடலுக்குள் போய் என்னைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஆகவே, தேறி ஊருக்குத் திரும்பியதும் ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டினேன். வெளியே போனால் மூக்கில் கைக்குட்டை. கடையைத் திறந்து அடுப்பை மூட்டினேன். முதல் ஈடு பன்னை எடுத்துப் பிட்டு வாயில் போட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! ஆசை தீரத் தின்றேன். சில வாரங்களிலேயே பழைய நோயெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது.

மனைவி ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அங்க இருந்தப்ப நல்லாத்தானே இருந்தீங்க? அங்க இல்லாதது இங்க என்ன இருக்குதுங்க?"

"தூசி."

"தூசி எனக்குந்தான் இருக்குது. நான் நல்லாத்தானே இருக்கறேன்? பேக்கரிதானுங்க இருக்குது. அடுப்புச் சூடு உங்களுக்கு ஆகறதில்லை. கடையை வாடகைக்கு உட்டுப்போட்டு வேற வேலை பாக்கலாமுங்க."

எனக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த தட்டத்தை வீசினேன். என் கடையா என்னைக் கொல்லுது என்று கத்தினேன். அவள் தட்டத்தை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி எங்கள் இருவருக்குமே எட்டாத தூரத்தில் இருந்தது.

மறு வாரம் மாவு பிசையும் மேசை மேலேயே மயங்கி விழுந்தேன். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் ரத்தமே இல்லை என்று ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் என் கட்டிலருகே வந்தவர் ஒரு பெண் டாக்டர். வயிற்று நோய்களுக்கென்று வடக்கே போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். அதுவரை என்னைப் பார்த்த டாக்டர்கள் எல்லாம் என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன சாப்பாடு சாப்பிடுவீங்க? காலையிலிருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ரொட்டி, ரவை, மால்ட், ரொட்டி. ஆனைமலையில் இருந்தபோது என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். களி, சோறு, கொள்ளு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கே சப்பாத்தி, உப்புமா, பிஸ்கட் ஏதாவது?"

"இல்லீங்க டாக்டர். எங்க மாமியாருக்கு அதெல்லாம் ஆகாதுங்க."

இரண்டு நாள் கழித்து வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என் மனைவியையும் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் தோளில் கிடந்த டர்க்கி டவலைக் கேட்டு வாங்கினார்.

"சிறுகுடலோட உள்பக்கம் இந்த டவல் மாதிரி இருக்கணும். இந்த நூல் முடிச்சுக எல்லாம்தான் சத்தை உறிஞ்சும்." பிறகு தன் மேசை விரிப்பைத் தடவிக் காட்டினார். "உங்களுக்கு இப்படி மொழுமொழுன்னு ஆயிருச்சு. என்ன தின்னாலும் வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

"எதனாலைங்க?"

"உடம்புக்குள்ள காவல் காக்கிற செல்கள் இருக்கு. கிருமி வந்தா அடிச்சு விரட்டறதுதான் அதுங்களோட வேலை. கோதுமையில ஒரு புரதம் இருக்கு, உங்க குடல்ல இருக்கிற காவல்காரங்க அதைக் கிருமின்னு நெனைச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு தடவை நீங்க ரொட்டி தின்னும்போதும் அவங்க சண்டைக்குக் கிளம்பறாங்க. அந்தச் சண்டையில உங்க சொந்தக் குடலையே வெட்டிச் சாய்க்கிறாங்க. இதுக்கு சீலியாக்னு பேர். வடக்கே நான் நிறையப் பார்த்திருக்கேன், குழந்தைகள்ல. அரிசி திங்கற நம்ம ஊர்ல யாருக்கும் இது ஞாபகத்துக்கே வராது."

என் தம்பியும் அதே பன்னைத்தானே தின்கிறான் என்று கேட்டேன். சிலர் பிறக்கும்போதே அதற்கான தன்மையோடு பிறக்கிறார்கள், அது இருந்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, என்ன தின்கிறோம், எப்போதிலிருந்து தின்கிறோம், குடலுக்கு வேறு என்ன நடந்தது என்பதெல்லாம் சேர வேண்டும் என்றார். சின்ன வயதில் எங்கள் வீட்டில் கோதுமையே கிடையாது. பாலக்காட்டில்தான் மூன்று வேளையும் ரொட்டி. கல்யாணத்துக்குப் பிறகு வந்த அந்த வயிற்றுக் காய்ச்சலையும் சொன்னேன்.

"அது தூண்டிவிட்டிருக்கலாம். சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது. இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியலை."

"மருந்துங்க?"

"மருந்து இல்லை. கோதுமை, மைதா, ரவை, பார்லி, மால்ட் எதுவும் வாழ்நாள் முழுக்க வாயில படக்கூடாது. அவ்வளவுதான். எதிரி வரலைன்னா காவல்காரங்க அடங்கிருவாங்க. குடல் தானா வளர்ந்துக்கும். ஆமா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"பேக்கரி வெச்சிருக்கறேனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தார், முடியவில்லை. "மன்னிச்சுக்கங்க" என்றார். அதற்குள் என் மனைவியும் சிரித்துவிட்டாள், பிறகு நானும். நோயாளிகள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். மூன்று வருடமாகப் பெயர் இல்லாத ஒன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது அதற்குப் பெயர் இருந்தது. அதை நிறுத்தும் வழியும் என் வாயிலேயே இருந்தது. எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது.

மாவு பறக்கும் அறைக்குள் போகக்கூடாது என்பதும் டாக்டரின் கட்டளை. மூக்கிலும் வாயிலும் போகும் மாவு கடைசியில் வயிற்றுக்குத்தானே போகும்? கடையை விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வேண்டாம் என்றவள், முன்பு வாடகைக்கு விடச் சொன்ன அதே ஆள்.

"மாவு உங்களுக்குத்தானுங்க ஆகாது. எனக்கு ஒண்ணும் பண்ணாதுங்களே? சொல்லிக் குடுங்க, நான் பெசையறேன்."

அடுப்பறைக்கும் முன்கடைக்கும் நடுவே சுவர் எழுப்பி, ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சத்தம் போட்டுப் பேசிக்கொள்வோம்.

"கையில ஒட்டுதா?"

"ஒட்டுதுங்க."

"அப்ப இன்னும் பெசையணும்."

"கை உட்டுப்போகுதுங்க."

"கை உட்டுப்போச்சுன்னாத்தான் பன் வரும்."

முதல் வாரம் வந்த பன்னைக் கொண்டு சுவரில் ஆணி அடித்திருக்கலாம். இரண்டாம் வாரம் மாவு பொங்கி வழிந்தது. ஒரு மாதம் போனபின் ஒரு நாள், தங்க நிறத்தில் ஒரு தட்டுப் பன்னை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். என்னால் தின்று பார்க்க முடியாது. அவளே ஒன்றைப் பிட்டு மென்று, கண்ணை மூடி, தலையை ஆட்டினாள். எனக்கு அந்த ருசி நாக்கில் வந்தது. மதுக்கரையில் அதற்கு முன் பெண் ஒருத்தி பேக்கரி மாஸ்டராக இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுச் சமையலும் மாறியது. எனக்குத் தனிச் சட்டி, தனித் தோசைக்கல். உடம்பு ஏறத் தொடங்கியது. ஆனால் முழுதாக ஏறவில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வயிறு முறுக்கும். கோதுமை எதுவும் தின்னவில்லை என்று டாக்டரிடம் சத்தியம் செய்தேன். அவர் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார், ரசத்தில் என்னென்ன போடுவீர்கள் என்பது வரைக்கும். மனைவி சொல்லிக்கொண்டே வந்து, பெருங்காயம் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதைக் கெட்டிப்படுத்த எதைக் கலக்கறாங்கன்னு கடையில கேட்டுப் பாருங்க."

டவுன்ஹால் பக்கம் மளிகை மொத்தக் கடையில் கேட்டோம். "மைதாதானுங்க கலப்பாங்க. சுத்தப் பெருங்காயத்தை யாரு வாங்கறாங்க?" என்றார் கடைக்காரர். நாங்கள் ரோட்டில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் இல்லை, அதற்குப் பதில் பூண்டு கூடுதல். வயிறு முறுக்குவது அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு உடம்பு வந்த வேகத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. கன்னம் நிறைந்தது. பழைய சட்டைகள் பிடித்தன. ஒரு நாள் மாவு வண்டி வந்தபோது, மூட்டை இறக்கும் ஆள் வரும் முன்பே மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக் கடை வாசல் வரை கொண்டுவந்து போட்டேன். மனைவி வெளியே ஓடிவந்து திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். எதிர் டீக்கடை பெஞ்சில் இருந்த டிரைவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எய்ட்ஸ் வந்தவன் தேறி வந்ததாக அன்றைக்கு யாரும் கேள்விப்பட்டதில்லை. அடுத்த நாள் கம்பெனி பாக்கெட் கேட்ட அதே டிரைவர் வந்து நின்று, "ரெண்டு பன்னு குடுங்க. அம்மிணி சுட்டதுங்களா? நெம்ப நல்லா இருக்குதுன்னாங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மிச்சம் இருந்தது சபை. நான் திருவிருந்துக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. அப்பம் கோதுமை. கிண்ணத்திலும் மற்றவர் வாயிலிருந்து துகள் விழுந்திருக்கும். போதகரைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். "அப்பம் இல்லாம கிண்ணம் மட்டும் வாங்கிக்கலாமுங்க. அதுல ஒரு குறையும் இல்லை. துகள் விழறதுக்கு முந்தி குடிக்கணும், அவ்வளவுதானே? அப்ப நீங்கதான் மொதல்ல குடிக்கோணும். எனக்கும் முந்தி."

நான் திகைத்துப் போனேன். எனக்கு அடுத்துக் குடிக்க மாட்டோம் என்றவர்கள் இவர்கள். நான் முதலில் குடித்தால் சபை முழுவதுமே எனக்கு அடுத்துத்தான் குடிக்க வேண்டும்.

"வேண்டாமுங்கய்யா. யாரும் குடிக்க மாட்டாங்க."

"பாக்கலாமுங்க" என்றார்.

டிசம்பரின் முதல் ஞாயிறு அது. கோயில் நிறைந்திருந்தது. திருவிருந்து தொடங்கும் முன் போதகர் என் நோய் என்ன என்பதை நாலு வாக்கியத்தில் சொன்னார். கோதுமை இவருக்கு ஆகாது, வேறொன்றும் இல்லை. அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"நீங்க எல்லாம் நெனைச்ச அந்த நோயே இவருக்கு இருந்திருந்தாலும், இந்தக் கிண்ணம் இவருக்கும் உண்டுங்க. அந்த நோய் உள்ளவங்க நாளைக்கு இந்த வாசலுக்கு வந்தாலும் உண்டு. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

என்னைக் கூப்பிட்டார். தனியாக நடந்து போய் முழந்தாளிட்டேன். கிண்ணத்தை என் உதட்டில் வைத்தார். திராட்சரசம் இனிப்பும் துவர்ப்புமாகத் தொண்டையில் இறங்கியது. அவர் துணியை எடுத்துத் துடைக்கவில்லை. அதே கிண்ணத்தை, நான் குடித்த அதே விளிம்பில், தன் வாயில் வைத்துக் குடித்தார்.

பிறகு என் மனைவி வந்து குடித்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. செருப்பில்லாத காலடி கிட்டே வந்தது. பாடகர் குழு அக்கா. வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டுக்கொண்டு என் பக்கத்தில், தோள் உரச, முழந்தாளிட்டார். கிண்ணம் வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து நன்றாகவே குடித்தார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக எழுந்து வந்தார்கள். இடம் போதாமல் எங்களை நகர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அன்றைக்கு ரசம் தீர்ந்துபோய், போதகர் நடுவில் இன்னொரு புட்டியைத் திறந்தார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அழவில்லை. வாய் நிறையச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளப் பைபிளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் என் மனைவியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம்.

"எங்களுக்கு ரெண்டு கிலோ பிளம் கேக்குங்க அம்மிணி."

"எங்களுக்கும் வேணுங்க. மொதல்லயே சொல்லிப்போட்டேன், மறந்துறாதீங்க."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏனுங்க தம்பி, நீங்க என்னங்க திம்பீங்க கிறிஸ்மஸுக்கு?" என்று கேட்டார்.

"அரிசிமாவுல ஏதாச்சும் செஞ்சு குடுத்தீங்கன்னாத் திம்பனுங்க அக்கா."

"தேங்காய்ப்பால் ஊத்தி ஆப்பம் சுட்டுக் கொண்டாரேன். புதுச் சட்டியில" என்றார். கொண்டுவந்தும் கொடுத்தார்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் அடுப்பு அணையவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் கையெல்லாம் மாவாக நின்றாள். இந்தப் பக்கம் நான் கேக்கைக் கட்டிக் கட்டி அடுக்கினேன். ஆனைமலையிலிருந்து மாமனார் ஒத்தாசைக்கு வந்து முந்திரி உடைத்தார். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் மதுக்கரையில் எந்தக் கடையிலும் முட்டை கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கடைக்காரர்கள் எங்கள் கடை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்களாம்.